வழிகாட்டியின் கண்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பகற்பொழுது மட்டுமே தங்கிச் சென்ற கப்பற் பயணிகள் பலர், நினைவுப் பொருளாகப் புகைப்படங்களை வாங்கிச் சென்றனர். ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிறுவனத்தார் தென்னஞ் சோலை, கண்டி ஏரி, தேயிலைத் தோட்டம், கொண்டையில் சீப்புச் செருகிய ஆடவர் என ஒரு வகைக் காட்சிகளையே மீண்டும் மீண்டும் படமாக்கி விற்றனர். பயணி எதைக் காண வேண்டுமென்பது படக்கடை வாயிலிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டது. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைப் பகுதியில், சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் நிற்கின்றது. ஆயினும் கப்பலிலிருந்து இறங்கியோர் பலரும் காலி வீதி வழியே வெள்ளவத்தையைக் கடந்து, கல்கிசைக் கடற்கரை விடுதிக்கே விரைந்தனர்.

அக்காலத்தில் பயணமும் படப்பிடிப்பும் ஒருங்கே கைவருவது எளிதன்று. ஜோசப் லோட்டன் 1870-இல் அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளைப் படம்பிடிக்கச் சென்றபோது, கண்ணாடித் தட்டுகளும் இரசாயனங்களும் இருட்டறைக் கூடாரமும் உடன்செல்ல வேண்டியிருந்தன. பூசிய கலவை காயுமுன்னரே தட்டைக் கமராவில் இட்டுப் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் நாட்டு வெயிலில் அதற்குக் கிடைத்த நேரம் மிகச் சிறிது. 1888-இல் கொடாக் கமரா வந்த பின்னரே, கற்றுக்கொள்ளாமலும் படமெடுக்கலாம் என்ற துணிவு பயணிகளுக்கு ஏற்பட்டது. அத்துணிவு நன்மையும் செய்தது, கேடும் செய்தது.

கண்ணைப் பழக்கித் தர ஒருவர் வேண்டும் என்ற நிலையில் முன்வந்தவர் லயனல் வென்ட். 1900-இல் கொழும்பிற் பிறந்த இவர், உயர் நீதிமன்ற நீதிபதியொருவரின் மகன். இலண்டனிற் சட்டமும் பியானோவும் பயின்று 1924-இல் திரும்பியவர். சட்டத்தை விரைவில் கைவிட்டார். லைக்கா, ரோலிபிளெக்ஸ் ஆகிய சிறு கமராக்களுடன் தீவெங்கும் சுற்றினார். இலங்கைப் புகைப்படச் சங்கத்தை 1930-களில் அமைத்தோருள் ஒருவராகவும் விளங்கினார்.

1934-இல் பசில் ரைட் என்னும் இருபத்தாறு வயது ஆங்கிலேயர், தேயிலைப் பிரசாரச் சபைக்காக நான்கு சிறு பயணப் படங்கள் எடுக்க இலங்கைக்கு வந்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் வென்ட். எங்கே செல்வது, எதைக் காண்பது என்பனவற்றை இந்நாட்டை நன்கறிந்த ஒருவரிடம் கேட்டறியும் பேறு ரைட்டுக்கு வாய்த்தது. நான்கு படங்கள் ஒரே படமாயின. அதுவே ‘சோங் ஒவ் சிலோன்’. 1935-இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. 1681-இல் வெளியான றொபர்ட் நொக்ஸின் நூற்பகுதிகளை அதில் வாசிப்பதும் வென்டின் குரலே. விளம்பரத்துக்கென வந்தவர், வழிபாட்டையும் கண்டிய நடனத்தையும் பொறுமையோடு நோக்கிய ஒரு கலைப்படைப்புடன் திரும்பினார் என்றால், வழிகாட்டியின் பங்கு அதிற் சிறிதன்று.

எனினும் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வாணிகத்தைப் பற்றிய மூன்றாம் பகுதியில் தேயிலைத் தொழில் காட்டப்படுகிறது. அங்கு ஒலிப்பவையோ சந்தை விலைகளும் கப்பற் செய்திகளுமே. கொழுந்து கொய்த தமிழ்ப் பெண்கள் தம்மைப் பற்றிப் பேசும் குரல் அங்கில்லை. பரப்புரைக்குப் பணம் தந்த சபையின் படத்தில் அதனை எதிர்பார்ப்பது மிகையெனச் சிலர் கூறுவர். ஆனால் அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் அப்படத்தைக் காணும்போது தேடுவது அந்தக் குரலைத்தான். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் இரதம் செல்லும் கொழும்பும் வெளிநாட்டார் கொண்டுசென்ற இலங்கையில் சிறிதளவே இடம்பெற்றது. வழிகாட்டியின் கண் எங்கு நின்றதோ, பயணியின் கமராவும் பெரும்பாலும் அங்கேதான் நின்றது.

வென்ட் 1944 டிசம்பரில் காலமானார். அவர் விட்டுச்சென்ற நெகற்றிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. நண்பர்கள் 1950-இல் இலண்டனில் வெளியிட்ட நூலும், எஞ்சிய படப்பிரதிகளுமே இன்று அவரது பார்வைக்குச் சான்று. கில்போர்ட் கிரசெண்டில் அவர் வாழ்ந்த வீடிருந்த நிலத்தில், 1953 முதல் அவர் பெயராலேயே ஓர் அரங்கு இயங்கி வருகிறது.