வால்வா, டிரான்சிஸ்டரா? – விஸ்வநத்தத்துக் காதுகளின் சரித்திரம்

“என்னதான் சொல்லுங்க, அந்தக் கால வால்வு செட்டுச் சத்தம் மாதிரி வராது!” சிவகாசி வட்டாரத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரிடம் பாட்டைப் பற்றிப் பேசினாலும் இந்த வசனம் வந்தே தீரும். நானும் விஸ்வநத்தத்துக்காரன்தான், எழுபதுகளில் நம் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். போன வருஷம் நமக்குப் பின்னால் படித்த தம்பி ஒருவர் போன் பண்ணினார். “அண்ணாச்சி, வீட்டு ஸ்டீரியோவுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு லட்சம் ஆகுது. நெசமாவே சத்தம் நல்லா இருக்குமா?” என்று கேட்டார். மகள் படிப்புக்கென்று சேர்த்த பணம் அது. போனில் சொல்லி முடிகிற பதிலாகவும் இல்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பியை நுழைத்தார். சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை ஆட்டி வைக்கலாம் என்பது அங்கேதான் ஆரம்பம். பிறகு 1947-ஆம் வருஷம் ஒரு விசேஷமான வருஷம். ஏப்ரலில் டி.டி.என். வில்லியம்சன் என்ற இளம் எஞ்சினியர் லண்டன் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் படத்தை வெளியிட்டார். 15 வாட் சக்தி. ஒலிச் சிதைவு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. வீட்டுச் சங்கீதத்துக்கு இதற்கு மேல் என்ன வேணும் என்று உலகமே அதைப் பார்த்துக் கட்டியது. அதே வருஷம் டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். வால்வு உச்சியைத் தொட்ட வருஷத்திலேயே அதன் வாரிசும் பிறந்துவிட்டது.

நம் நாட்டில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகளையும், அடுத்த வருஷமே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் தயாரிக்கத் தொடங்கியது. அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நமக்கு வந்தன. இருந்தாலும் விஸ்வநத்தத்தில் இரண்டும் போய்ச் சேர்ந்த வீடுகள் வேறு வேறு.

வால்வு ரேடியோ வசதியான வீட்டுச் சாமான். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று பெயர், மரப்பெட்டி, மேலே பின்னல் துணி, எட்டாத உயரத்தில் ஒரு பலகை. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷம் ஒன்றும் வராது; உள்ளே வால்வு சூடாகிச் சிவந்த பிறகுதான் சிலோன் பேசும். 1963-இல் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகு அதுவும் கேட்டது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் பாட்டும் சேர்ந்து இறங்கிவிடும்.

டிரான்சிஸ்டர் ரேடியோ அப்படி இல்லை. கரண்ட் இல்லாத வீட்டுக்கும் பேட்டரி கட்டையோடு போயிற்று. தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிற வீடுகளில் திண்ணையில் ஒரு ரேடியோ, சுற்றி நாலு பேர், கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். எந்தச் சத்தம் இனிமை என்ற விவாதத்தில் இந்த வீடுகளை யாரும் சேர்ப்பதில்லை. அவர்களுக்குப் பாட்டைக் கொண்டுவந்ததே டிரான்சிஸ்டர்தான்.

வால்வின் ராஜ்ஜியம் ரொம்ப நாள் நீடித்த இடம் மைக் செட். பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கும், விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கும் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களைப் பாட வைத்தவை இஎல்34 வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர்கள்தான். கல்லூரி விடுமுறைகளில் நான் ஒரு மைக் செட்காரரிடம் ஒயர் பிடித்திருக்கிறேன். டிரான்சிஸ்டர் செட் வந்த புதிதில் அவர் தொடவே இல்லை. காரணம் காது இல்லை, வெயில்! ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூடானால் அதிக மின்சாரத்தை விடும்; அதனால் மேலும் சூடாகும்; கடைசியில் தானே எரிந்துவிடும். நம் சித்திரை வெயிலுக்கு அது எப்படித் தாங்கும்? சிலிக்கான் டிரான்சிஸ்டர், அதிலும் 2என்3055 மாதிரி முரட்டுச் சரக்கு, சகாய விலைக்கு வந்த பிறகுதான் அவர் மனசு மாறியது. எடை பாதி, கரண்ட் பாதி, போட்டவுடன் பேசும். வேறென்ன வேணும்?

இனி சத்தத்துக்கு வருவோம். ஆரம்ப கால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்குக் கெட்ட பெயர் வந்தது நியாயம்தான். ஒலி அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும், கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கும். இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரி. கைமாறுகிற இடத்தில் தாளம் தப்பினால்? அலையின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழும். பாட்டு மெதுவாக இருக்கும்போதுதான் இது அதிகம் உறுத்தும். ராத்திரியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிறவன் காதில் மணல் போட்ட மாதிரி இருக்கும்.

வால்வின் சிதைவு வேறு ஜாதி. சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வீட்டு ரேடியோவில் கடைசியில் ஒற்றை வால்வுதான் இருக்கும். அது ஒரு ஸ்வரத்தோடு கூடுதலாகச் சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மானிக்: ‘ச’ பாடினால் மேல் ஸ்தாயி ‘ச’. மூன்றாவது வந்தாலும் அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். சுருதிப் பெட்டியில் இருக்கிற ச-ப-ச தானே! காது அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், குரல் கனமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. டிரான்சிஸ்டரின் அந்தப் பள்ளத்தில் பிறப்பவையோ ஏழாவது, ஒன்பதாவது என்று மேலே போகிறவை. சுருதிக்கு ஒட்டாதவையும் அதில் கலந்திருக்கும். இன்னொரு வித்தியாசம், சக்தியின் எல்லையில் தெரியும். தவிலின் முதல் அடி மாதிரி திடீரென்று ஒரு சத்தம் வரும்போது, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். டிரான்சிஸ்டர் கத்தரித்த மாதிரி வெட்டிவிடும். 1973-இல் ரஸ்ஸல் ஹாம் என்பவர் ஒலிப்பதிவுக் கூடங்களின் மைக் பெருக்கிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: அளவுக்கு மீறி ஓட்டும்போதுதான் இவற்றின் குணம் பிரிந்து தெரிகிறது.

சரி, அளவுக்குள் ஓட்டினால்? இங்கிலாந்தின் குவாட் கம்பெனி ரொம்ப நிதானமான கம்பெனி. 1953-இல் அவர்கள் போட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் குவாட் 2 இன்றும் பெயர் பெற்றது. மற்றவர்கள் டிரான்சிஸ்டருக்குத் தாவியபோது அவர்கள் பொறுத்திருந்து, 1967-இல்தான் 303 என்ற டிரான்சிஸ்டர் மாடலைக் கொண்டுவந்தார்கள். பிறகு 405 வந்தது. 1978-இல் ஜேம்ஸ் மொயர் என்ற எஞ்சினியர் இந்த மூன்றையும் வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல், சத்தத்தைச் சமமாக்கி, அனுபவமுள்ள காதுகளுக்குப் போட்டுக் காட்டினார். முடிவு அதே ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் வந்தது. கண்டுபிடித்தவர்கள் கணக்கு, காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான்.

அப்படியென்றால் நம் ஊர்க்காரர்கள் சொல்வது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அவர்கள் ஒப்பிட்டது எதை எதோடு என்று பார்க்க வேண்டாமா? எனக்குத் தெரிந்து விஸ்வநத்தத்தில் யார் வீட்டிலும் வால்வு ஸ்டீரியோ இருந்ததில்லை. உலகத்தில் ஸ்டீரியோ இசைத்தட்டு 1958-இல் கடைக்கு வந்தது. எங்கள் தெருவுக்கு ஸ்டீரியோ வந்தது ‘ப்ரியா’ படப் பாட்டுக் காலத்தில், 1978-க்குப் பிறகு. வரும்போதே டிரான்சிஸ்டராகத்தான் வந்தது. சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, உள்ளூரில் அசெம்பிள் பண்ணி, மெல்லிய பிளைவுட் பெட்டியில் ஸ்பீக்கரை அறைந்த செட்டுகள். பேஸ், டிரெபிள் இரண்டும் முழுசாகத் திருப்பி வைத்திருக்கும். இன்னொரு பக்கம் கனமான மரப்பெட்டி, நல்ல அகலமான ஒற்றை ஸ்பீக்கர், மேல் சத்தத்தை முன்னமே வடிகட்டி அனுப்புகிற ரேடியோ அலைவரிசை. இதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது இரைச்சலாகத்தான் படும். பழி மட்டும் டிரான்சிஸ்டர் தலையில் விழுந்தது. பெட்டியையும் ஸ்பீக்கரையும் யாரும் விசாரிக்கவில்லை.

தம்பிக்கு என் பதில் இது. அந்த ரெண்டு லட்சத்தில் நாலில் ஒரு பங்கு போதும். அதில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்குச் செலவு பண்ணுங்க. அறையில் ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்க. சுமாரான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று அந்த ஸ்பீக்கரை இயக்கப் போதும். மீதி மகளுக்கு இருக்கட்டும். வால்வு வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் சிவப்பு வெளிச்சமும் அந்தச் சூடும் பிடித்திருக்கிறது என்றால் அதற்காக வாங்கலாம்; ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவில் இன்னும் செய்கிறார்கள். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர் சேர்க்கிற அந்த மேல் ஸ்தாயி ‘ச’ பழைய குரல்களுக்கு அழகாகவே இருக்கும். அதை அளவு சுத்தம் என்று சொல்லி விற்கிறவனைத்தான் நம்பக்கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பக்கத்து மைக் செட்காரர்களிடம் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர்கள் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்காக உடைத்து எடைக்குப் போடுகிறார்கள். ஒன்றிரண்டையாவது பௌதிகத் துறைக்குக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆசிலோஸ்கோப்பில் போட்டால் வளைவதும் வெட்டுவதும் கண்ணாலேயே தெரியும். ஆனால் எடுத்தவுடன் திறந்துவிட வேண்டாம். உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். லேப் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.