சோப்பில் ஒன்று, ஏவுகணையில் ஒன்று

1931 மே 13. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்த நீல் மெக்கெல்ராய், இன்னும் ஆள் வேண்டும் என்று கேட்டு மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். அப்போது அவருக்கு வயது 26. அவர் கையில் இருந்தது கேமே சோப். வெளிக் கம்பெனிகளோடு மட்டுமல்ல, சொந்த வீட்டுச் செல்லப்பிள்ளையான ஐவரி சோப்போடும் அது மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி ஆள் போடுங்கள் என்றார் மெக்கெல்ராய். அந்த ஆள் வட்டாரவாரியாக விற்பனைக் கணக்கைப் பார்க்க வேண்டும். எங்கே மந்தமோ அங்கே நேரில் போய்க் கடைக்காரரிடமும் வாங்குபவரிடமும் பேசி, காரணத்தைப் பிடித்து, வழி சொல்ல வேண்டும். இன்றைய மென்பொருள் கம்பெனிகளின் புராடக்ட் மேனேஜருக்கு மூதாதை இந்த சோப்பு ஆள்தான்.

பெயரில் இவருக்கு நெருக்கமான புரோகிராம் மேனேஜரின் வம்சம் வேறு. 1950களில் அமெரிக்க விமானப்படை அட்லஸ் ஏவுகணையையும் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸையும் உருவாக்கின. எது வேண்டும் என்பதில் அங்கே சந்தேகமில்லை. எஞ்சின் ஒரு கம்பெனியில், வழிகாட்டும் கருவி இன்னொன்றில், நீர்மூழ்கிக் கப்பல் வேறொரு தளத்தில்; ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும். இவற்றைத் தேதிக்குள் ஒன்றுசேர்ப்பதுதான் புரோகிராம் மேனேஜர் வேலை. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று கோடு இழுத்துக் கணக்கிடும் ‘பெர்ட்’ முறை போலாரிஸ் அலுவலகத்தில் பிறந்தது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், 1957 முதல் 1959 வரை அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? அதே மெக்கெல்ராய்!

இரண்டு வம்சமும் தனித்தனியே இருந்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. குழப்பியது மைக்ரோசாஃப்ட். 1980களின் நடுவில், மெக்கின்டாஷுக்கான எக்செல் தயாரான காலத்தில், ஜேப் புளூமெந்தால் என்பவர் புதுவகை வேலை ஒன்றை ஏற்றார். பயனர் என்ன கேட்கிறார், திரை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசித்து ‘ஸ்பெக்’ எழுதுவது. புரோகிராமர்களுக்கு மேலதிகாரியாக இல்லாமல், பேசியே அவர்களை இணங்கவைப்பது. சாராம்சத்தில் இது புராடக்ட் மேனேஜர் வேலை. வைத்த பெயரோ புரோகிராம் மேனேஜர்! அங்கே புராடக்ட் மேனேஜர் என்றால் மார்க்கெட்டிங் ஆள்.

கூகுளும் அமேசானும் இந்தப் பெயர்களின் பழைய அர்த்தத்துக்கே போயின. அங்கே எதை, ஏன் செய்வது என்பது புராடக்ட் மேனேஜர் பாடு. பல டீம்களின் வேலை ஒன்றையொன்று முட்டாமல் தேதிக்குள் சேர்வது புரோகிராம் மேனேஜர் பாடு. அண்மை ஆண்டுகளில் மைக்ரோசாஃப்டும் தன் ஆட்கள் பலரின் பெயர்ப்பலகையைப் புராடக்ட் மேனேஜர் என்று மாற்றிவிட்டது.

எனவே இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் பதவிப் பெயரை நம்ப வேண்டாம். “இந்த அம்சம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டா?” என்று கேளுங்கள். உண்டு என்றால், அது சோப்பு வம்சத்து வேலை.