பக்கத்து ஸீட்டில் சார்லி!

லீவுக்கு நாலு நாள் எங்கேயாவது கிராமத்துப் பக்கம் போய்விட்டு வரலாம் என்று வீட்டில் பேச்சு எழுகிறது. எந்த வழி, எங்கே தங்குவது, எத்தனை ஸ்வெட்டர்... எல்லாம் பேசி முடித்த பிறகு, மூலையில் படுத்திருக்கும் ஜீவன் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. ‘ஐயையோ, இதை என்ன செய்றது?’

நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தக் கேள்வி கடைசியில்தான் வரும்! அதற்காக ரொம்ப வெட்கப்பட வேண்டாம். நோபல் பரிசு வாங்கிய ஓர் எழுத்தாளரே இந்த விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறார்!

அவர், அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பிய விவசாயிகளைப் பற்றி 1939-ல் நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவர். 1960-ல் அவருக்கு 58 வயது. உடம்பு சரியில்லை. ‘இனி ஓய்வுதான்’ என்று சுற்றியிருந்தவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு எழுத்தாளனுக்கு அதைவிட இம்சை வேறென்ன வேண்டும்?

அவரை இன்னொரு விஷயமும் அரித்துக்கொண்டிருந்தது. பல வருஷங்களாக நியூயார்க்கிலேயே இருந்துவிட்டார். ‘என் நாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்கிறேன். ஆனால், அந்த நாட்டைப் பார்த்தே எத்தனையோ காலம் ஆகிவிட்டதே. வெறும் ஞாபகத்தில் எழுதுவது மோசடி இல்லையா?’ என்று தோன்றியது. உடனே முடிவெடுத்தார். பெரிய நகரங்களைத் தவிர்த்து, கிராமம் கிராமமாக அமெரிக்காவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது!

திட்டம் என்றால் அப்படியொரு திட்டம். ஜி.எம்.ஸி. கம்பெனியின் பிக்-அப் டிரக் ஒன்றை வாங்கி, அதன் முதுகில் ஒரு குட்டி வீட்டையே ஏற்றினார். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், கழிப்பறை வரைக்கும் உண்டு. துணி துவைக்க அவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள்... மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி ஒன்றை ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டார். அழுக்குத் துணி, வெந்நீர், சோப்புத்தூள் உள்ளே போய்விடும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கக் குலுங்க, சாயங்காலத்துக்குள் துணி தானாகத் துவைந்திருக்கும்! டான் குவிக்ஸாட்டின் கிழட்டுக் குதிரையின் பெயரையே வண்டிக்கும் வைத்தார் – ‘ராசினான்டே’.

துணைக்கு? சார்லி! பாரிஸ் பக்கம் பிறந்த, நல்ல உயரமான பூடில் ஜாதி நாய். சுமார் பத்து வயசு – நாய்க் கணக்கில் அதுவும் எஜமானரைப் போலக் கிழம்தான். முன்பற்கள் கொஞ்சம் கோணல். அதனால் உதட்டைக் கடித்து ‘ஃப்ட்’ என்று ஒரு சத்தம் எழுப்ப அதற்கு வரும். ‘வண்டியை நிறுத்து, நான் இறங்கணும்’ என்று அர்த்தம்!

1960 செப்டம்பர் 23. லாங் ஐலண்டில் இருந்து வண்டி கிளம்பியது. வடக்கே மெய்ன் மாநிலம் வரை போய், மேற்கே திரும்பி நயாகரா நீர்வீழ்ச்சிக்கு வந்தார். அங்கிருந்து கனடாவுக்குள் புகுந்து குறுக்கே போனால் வழி மிச்சம். எல்லையில் இருந்த கனடா அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டதற்கான சான்றிதழ் உண்டா?

ஊசி போட்டாயிற்று. சான்றிதழ்தான் இல்லை! கனடாவுக்குள் விட்டாலும், அந்தச் சீட்டு இல்லாமல் திரும்பும்போது அமெரிக்க அதிகாரிகள் சார்லியை உள்ளே விடமாட்டார்கள் என்று அவர் விளக்கினார். குப்பைத் தொட்டியில் துணி துவைக்கும் வரை யோசித்த மனிதர், சார்லிக்காக ஒரே ஒரு காகிதத்தை எடுத்துவைக்க மறந்துவிட்டார். வேறு வழியில்லாமல் வண்டியைத் திருப்பி, ஏரிக்குத் தெற்காகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஆனால் சார்லி இல்லாமல் அந்தப் பயணமே இல்லை. முன்பின் தெரியாத ஊரில் போய் நின்றால், யார் உங்களிடம் பேசுவார்கள்? ஸ்டைன்பெக் ஒரு தந்திரம் செய்தார். யாராவது முகாம் போட்டிருந்தால், சார்லியை மெதுவாக அவிழ்த்துவிடுவார். அது போய் அவர்கள் அடுப்பை மோப்பம் பிடிக்கும். கொஞ்சம் பொறுத்து இவர் போய், ‘தொந்தரவு கொடுத்துட்டானா?’ என்பார். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பமாகிவிடும்! நாயோடு போகிற மனிதனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

யெல்லோஸ்டோன் பூங்காவில் வேறொரு சார்லியைப் பார்த்தார். ஈயைக்கூட விரட்டாத சாது, கரடியைக் கண்டதும் பல்லைக் காட்டி உறும ஆரம்பித்தது. வண்டியின் கண்ணாடியைப் பிறாண்டி, கத்தித் தீர்த்தது. சுற்றிப் பார்த்தது போதும் என்று வந்த வழியே திரும்பிவிட்டார் மனிதர். பிரமாண்டமான ரெட்வுட் மரங்களிடம் கூட்டிப்போனபோதோ நேர்மாறு. உலகத்தில் எந்த நாய்க்கும் கிடைக்காத மரம், காலைத் தூக்கி மகிழட்டும் என்று ஆசையாக இறக்கிவிட்டால், சார்லி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்!

சிரிப்பு மட்டுமில்லை. வழியில் சார்லிக்கு சிறுநீர் பிரியாமல் பெரும் அவஸ்தை. ஸ்போகேன் நகரில் கிடைத்த டாக்டர் ஏனோதானோ என்று பார்த்து அனுப்பினார். டெக்ஸஸின் அமரில்லோவில் ஓர் இளம் டாக்டர்தான் பொறுமையாகக் கவனித்துக் குணமாக்கினார். வயதான நாயோடு கிளம்புகிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

கடைசியில் நியூ ஆர்லியன்ஸ். அந்த நவம்பரில்தான் அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்த்திருந்தார்கள். ஆறு வயதுச் சிறுமி காவலர்கள் சூழப் பள்ளிக்குப் போக, தெருவில் நின்ற பெண்கள் அந்தக் குழந்தையை அசிங்கமாகத் திட்டிக் கத்தினார்கள். அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த ஆள் ஜன்னல் வழியாக சார்லியைப் பார்த்துவிட்டு, கறுப்பர் ஒருவரைத்தான் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார் என்று நினைத்தேன், நாய்தானா என்று சிரித்தானாம். நாய் உட்காரலாம், மனிதன் உட்காரக் கூடாது! அதற்கு மேல் ஸ்டைன்பெக்குக்கு ஊர் சுற்ற மனசு இல்லை. வீட்டுக்கு விரட்டினார் வண்டியை. மொத்தம் சுமார் 10,000 மைல்கள்!

இந்தப் பயணத்தை அவர் ‘டிராவல்ஸ் வித் சார்லி’ என்று எழுதி 1962-ல் புத்தகமாக்கினார். அதே வருஷம்தான் நோபல் பரிசும் கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 2010-ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே வழியில் போய்த் துருவினார். வண்டியில் ஸ்டைன்பெக் தனியாகத் தூங்கிய இரவுகள் குறைவு, நல்ல ஓட்டல்களில், பல நாட்கள் மனைவியோடு தங்கியிருக்கிறார், பல உரையாடல்கள் ஜோடனை என்று போட்டு உடைத்தார். 2012-ல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரையே, இதை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பிவிடாதீர்கள் என்று வாசகரை எச்சரித்தது. ஞாபகத்தில் எழுதுவது மோசடி என்று கிளம்பியவருக்கு வந்த சோதனை!

நான் அவருக்காக வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் ஒன்று... சார்லி நிஜம். ராசினான்டேவும் நிஜம் – கலிஃபோர்னியாவில், அவர் பிறந்த சலினாஸ் ஊரில், அவர் பெயரில் உள்ள மையத்தில் நிற்கிறது. உடம்பு முடியாத ஒரு மனிதர், கிழட்டு நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனதும் நிஜம்.

ஆகவே அடுத்த லீவுக்குத் திட்டம் போடும்போது, மூலையில் படுத்திருப்பவரைக் கடைசியில் நினைக்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணம், போகிற ஊரில் கால்நடை மருத்துவர் எங்கே என்ற விவரம், அடிக்கடி வண்டியை நிறுத்தும் பொறுமை... இவற்றோடு, தடுப்பூசிச் சான்றிதழை முதல் ஆளாகப் பையில் போட்டுவிடுங்கள்.

ஸ்வெட்டரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்!