கேப் கழன்றால் சிமெண்ட் வாங்கி நாமே ஒட்டலாமா?

பல்லுக்குப் போட்ட கேப் சாப்பிடும்போது கழன்று கையில் வந்துவிட்டது. டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அந்த சிமெண்டைக் கடையில் வாங்கி நாமே ஒட்டிக்கொண்டால் என்ன? கிராமத்திலிருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறி வந்து பல் காட்டுகிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும். காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பல்லோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு பொருளை யார் விற்கலாம், யார் வாங்கலாம் என்பது எங்கள் பாடம்தானே :-)

முதலில் சிமெண்டின் கதை. கேப் ஒட்ட உதவிய பழைய சிமெண்ட் துத்தநாக பாஸ்பேட். 1870களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. துத்தநாக ஆக்சைடு தூளையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் கலந்தால் சூடு கிளம்பும். அதனால் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில், தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும். அவசரப்பட்டால் கேப் உட்காருவதற்குள் சிமெண்ட் இறுகிவிடும். இது பல்லோடு ரசாயன முறையில் ஒட்டாது. பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே இருக்கும் சொரசொரப்பில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பல்லோடு உண்மையாகவே ஒட்டும் சிமெண்டை 1968-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, 1969-ல், லண்டனில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் கிளாஸ் அயனோமர் சிமெண்டை உருவாக்கினார்கள். கண்ணாடித் தூளும் ஒரு அமிலமும் சேர்ந்த கலவை இது. பல்லோடு ஒட்டும், ஃபுளூரைடும் கசியவிடும். இன்று நம் ஊர் கிளினிக்குகளில் கேப் ஒட்டுவதற்கு இது சர்வ சாதாரணம்.

இனி சட்டத்தின் கதை. ஒரு காலத்தில் நம் நாட்டில் பல் கட்டுவது கைத்தொழில் மாதிரிதான் இருந்தது. சந்தையில் பாய் விரித்துப் பல் பிடுங்கியவர்கள் உண்டு. சென்னை உள்பட பல நகரங்களில் சீன வம்சாவளிக் குடும்பங்கள் இதைப் பரம்பரைத் தொழிலாகவே செய்தன. 1920-ல் டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1939-ல் வங்காளத்தில் ஒரு பல் மருத்துவர் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1948-ல் வந்தது. அதில் ஒரு சுவாரஸ்யம். பட்டம் பெற்றவர்களுக்கு 'ஏ' பதிவேடு, பட்டம் இல்லாமல் ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு 'பி' பதிவேடு. பழைய ஆட்களின் பிழைப்பைக் கெடுக்காமல், புதிதாக யாரும் அப்படி நுழையாதபடி கதவை மூடினார்கள். சென்னையில் மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953-ல் தொடங்கியது. 1948 சட்டத்துக்குப் பதிலாக ஒரு புதிய ஆணையச் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இந்த 1948 சட்டம் பூட்டுப் போட்டது தூளுக்கு அல்ல, அதைக் குழைக்கும் கைக்கு. பொருளின் பக்கம் பார்த்தால், 2017-ல் மருத்துவக் கருவி விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் சிகிச்சைக்குப் பயன்படும் எல்லாக் கருவிகளும் பொருட்களும் சட்டத்தின் பார்வையில் 'மருந்து' ஆயின. பல் சிமெண்டும் அதில் அடக்கம். 2022 செப்டம்பர் திருத்தம் இவற்றை விற்கும் கடைக்கும் பதிவு வேண்டும் என்றது.

சரி, வாங்க முடியுமா? அமெரிக்கா, பிரிட்டன் மருந்துக்கடைகளில் பொதுமக்களுக்கென்றே தற்காலிக சிமெண்ட் சின்ன டப்பாவில் கிடைக்கிறது. டாக்டரைப் பார்க்கும்வரை சில நாள் தாங்குவதற்கு. நம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் கிராம்புத் தைலம்தான் எடுத்துத் தருவார்கள். காரணம் சட்டம் மட்டுமல்ல, வியாபார வழியும்தான். கம்பெனியிடமிருந்து பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் டீலருக்கு, அங்கிருந்து நேராக கிளினிக்குக்கு. நடுவே சில்லறைக் கடையே கிடையாது. சின்ன பேக்கிலேயே 15 கிராம் தூள் இருக்கும். ஒரு கேப்புக்குத் தேவை ஒரு சிட்டிகை. ஒரு கேப்புக்காக அதை வாங்குவது, ஒரு இட்லிக்கு மாவு மில்லையே விலைக்கு வாங்கின கதைதான்.

கிடைத்தாலும் நிரந்தர சிமெண்டை நாமே போடக் கூடாது. சிமெண்ட் படலம் 0.025 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசத் தர அளவு. தலைமுடியை விட மெல்லியது! கொஞ்சம் தடித்தாலும் கேப் உயர்ந்து நின்று, கடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பல்லே அடி வாங்கும். அதைவிட முக்கியம், கேப் சும்மா கழல்வதில்லை. உள்ளே சொத்தை பிடித்திருக்கலாம், பல்லே உடைந்திருக்கலாம். மேலே ஒட்டி மூடினால் சொத்தை உள்ளேயே வளரும், கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டி வரும். ஃபெவிக்விக் மாதிரி பசைகளோ வாய்க்காகச் செய்யப்பட்டவையே அல்ல. ஈறு புண்ணாகும், கோணலாக ஒட்டினால் எடுக்கவும் முடியாது. கழன்ற கேப்பைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடுவார்கள், புது கேப் செலவு மிச்சம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கிளாஸ் அயனோமர் சிமெண்டைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அப்படியென்றால் அது ஏழைக்கும் எட்ட வேண்டிய பொருள். திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி, புதுச்சேரி ஜிப்மருக்குப் போனாலும் சரி, ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர். கூலி வேலை செய்கிறவர் பசையைத் தேடுவது அறியாமையால் மட்டும் அல்ல, இந்தத் தூரத்தாலும்தான். சிமெண்டை மளிகைக் கடைக்குக் கொண்டு வருவதை விட, அதைக் குழைக்கத் தெரிந்த கையை ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வருவதுதான் நாம் கேட்க வேண்டியது.