கிண்டிக் காட்டின் பாகப்பிரிவினை

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த விஷயத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் வில்லன் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவான். கிண்டிக் காட்டின் சரித்திரத்தைப் புரட்டியபோது நானும் அப்படித்தான் தேடினேன். 505 ஹெக்டேர், அதாவது சுமார் 1,250 ஏக்கர் இருந்த காடு, இன்று ஏறக்குறைய 270 ஹெக்டேராகச் சுருங்கியிருக்கிறது. மீதியைத் தின்றவன் யார்? விசாரித்துப் பார்த்ததில் அகப்பட்டவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள்! இந்தச் சரித்திரத்தின் விசேஷம் அதுதான், அபாயமும் அதுதான்.

வில்லியம் லாங்ஹார்ன் என்பவர் 1672 முதல் 1678 வரை சென்னையில் கவர்னராக இருந்தார். அவர் இந்தக் காட்டின் ஒரு பகுதியில் தோட்டமும் மாளிகையும் அமைத்துக்கொண்டார். மற்றப் பகுதி கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்ற வெள்ளைக்காரரின் கைக்கு வந்தது. அவரிடமிருந்து 1821ல் சர்க்கார் அதை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. 1910ல் அது ‘ரிஸர்வ்’ காடு என்று அறிவிக்கப்பட்டது. ‘ரிஸர்வ்’ என்றால் ஒதுக்கி வைத்தது என்று பொருள். யாருக்காக ஒதுக்கி வைத்தார்கள் என்பதைப் பின்னால் வந்த காலம் ஒவ்வொரு விதமாக அர்த்தம் செய்துகொண்டது.

காடு என்றதும் வாசகர்கள் குற்றாலத்தையோ ஆனைமலையையோ மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுங்காடு. களாவும் சூரையும் காரையும் பின்னிக் கிடக்கும். மரங்கள் வானத்தை முட்டுவதில்லை. காத்தான் கொல்லை, அப்பாலன் குளம் என்ற குட்டைகளில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். தெரியாதவன் கண்ணுக்கு அது வெறும் புதர். நகரத்தின் வரைபடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருகிற அதிகாரிகளுக்கோ அது காலி மனையாகத் தெரிந்தது.

பாகப்பிரிவினை மும்முரமானது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1958ல் ஒரு பெரும் பகுதி, தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று கட்டுவதற்காக மத்திய கல்வி இலாகாவுக்குப் போயிற்று. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959ல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் ஐ.ஐ.டி. அதே 1958ல் நேருவின் விருப்பப்படி குழந்தைகள் பூங்காவுக்கும் மான் பூங்காவுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 1974ல் ராஜாஜிக்கும், 1975ல் காமராஜருக்கும் நினைவிடம் கட்ட இடம் எடுத்துக்கொண்டார்கள். மொத்தத்தில் 1961க்கும் 1977க்கும் இடையே சுமார் 172 ஹெக்டேர் பல இலாகாக்களுக்கு மாறியது. அதில் பெரும்பகுதி ராஜ்பவனுக்கு உரியதாக இருந்த நிலம்.

இப்போது சொல்லுங்கள், இவற்றில் எதை வேண்டாம் என்பீர்கள்? படிப்பையா, குழந்தைகளையா, ராஜாஜியையா, காமராஜரையா? எதிர்த்து வாயைத் திறந்தவன் கல்விக்கு விரோதி, தலைவர்களுக்கு விரோதி என்று பெயர் வாங்க வேண்டியதுதான். கள்ளமரம் வெட்டுகிறவனைப் போலீஸ் பிடித்துப் போகலாம். புண்ணிய காரியத்துக்காக நிலம் கேட்கிறவரை யார் பிடிப்பது? அவருக்கு மாலையல்லவா போடுகிறோம்!

மாலை போடாதவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) மயிலாப்பூர்வாசி. இந்த மண்ணுக்கே உரிய செடியையும் பிராணியையும் அந்நியச் சரக்கு கலக்காமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று ஆயுள் முழுவதும் எழுதியவர். 1972ல் கிண்டியில் பாம்புப் பண்ணை ஏற்பட்டது. 1978ல் சென்னை இயற்கை ஆர்வலர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். புதர் என்று ஊர் ஒதுக்கியதை உற்றுப் பார்க்க ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது.

1977ல் காடு வன இலாகாவின் கைக்கு வந்தது. 1978ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இது வெறும் பெயர் மாற்றம் அல்ல. 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவின் எல்லையை மாற்ற வேண்டுமானால் சட்டசபையில் தீர்மானம் நிறைவேற வேண்டும். பிற்பாடு, தேசிய வனவிலங்கு வாரியத்தின் சிபாரிசு வேண்டும் என்று அது மாறியது. முன்னே ஒரு கோப்பில் ஒரு கையெழுத்தோடு முடிந்த காரியத்துக்கு, இப்போது நாலு பேர் பார்க்கக் காரணம் சொல்லியாக வேண்டும்.

இதற்குச் சரியாக நூறு வருஷங்களுக்கு முன்னால், 1878ல், லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள எப்பிங் காட்டுக்காகப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அங்கே கதையில் அசல் வில்லன்கள் இருந்தார்கள்: ஜமீன்தார்கள் காட்டை வேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். கிளை வெட்டி விறகு எடுக்கும் உரிமைக்காகக் கிராமத்து ஏழைகள் போராடினார்கள். லண்டன் நகரசபை வழக்காடி ஜயித்தது. வேலி போட்டவனை எதிர்ப்பது சுலபம். சிலை வைக்க வருகிறவரை எதிர்ப்பதுதான் கஷ்டம். ஆகையால் கிண்டிக்குச் சட்டம் இன்னும் அதிக அவசியமாயிருந்தது.

சட்டம் வந்த பிறகும் கவலை தீர்ந்துவிடவில்லை. 1980களின் பிற்பகுதியில் பூங்காவுக்கும் ராஜ்பவனுக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே சுவர் எழுப்பினார்கள். பங்காளிகள் பிரிந்தால் நடு வீட்டில் சுவர் வைப்பதில்லையா, அந்த மாதிரிதான். அதற்கு அப்புறம் வெளிமான்களும் ஆளுக்கொரு பக்கம் ஆயின. வெளிமான், பெயருக்கு ஏற்ப, வெட்டவெளியில் வாழும் பிராணி. அதற்குப் புல்தரை வேண்டும். பழைய போலோ மைதானம் போன்ற இடங்கள்தான் அதற்கு வீடு. காட்டுக்கு நல்லது செய்வதாக எண்ணிப் புல்வெளியில் மரம் நட்டால், அதுவும் வெளிமானின் பங்கில் கை வைப்பதுதான். நல்லெண்ணம் அங்கேயும் விடுவதில்லை!

ஐ.ஐ.டி. வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ சாமானியக் குடும்பங்களுக்கு அது வாழ்வு அளித்திருக்கிறது; தன் பங்கில் மரங்களையும் மான்களையும் வைத்துக்கொண்டும் இருக்கிறது. இனிமேல் யாராவது ஒரு நல்ல காரியத்துக்காக இந்தப் பக்கம் நாலு ஏக்கர் கேட்டு வந்தால், அடையாற்றுக்காரர்களும் மயிலாப்பூர்க்காரர்களும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “ஐயா, தங்கள் காரியத்தை வேறு இடத்தில் செய்ய முடியாதா?” பள்ளிக்கூடத்தைத் தாம்பரத்தில் கட்டலாம், மண்டபத்தை மதுரையிலும் கட்டலாம். அப்பாலன் குளத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு எங்கும் வைக்க முடியாது.