துக்கம் கேட்கப் போவது: ஓர் உழைப்பின் வரலாறு

1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. செத்தவர்கள் 140 பேருக்கும் மேல். இந்த விபத்து நம் வரலாற்று நூல்களில் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியைத் துறந்த கதையாகவே எஞ்சியிருக்கிறது. அரசின் சொல்லாடலில் துக்கம் ஓர் அமைச்சரின் ஒழுக்கமாக மாற்றி எழுதப்பட்டுவிட்டது. செத்தவர்களை எண்ணினார்கள். அந்தந்த வீடுகளில் அழுதவர்களை யார் தாங்கினார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அதே மருதையாறு தொட்டு ஓடும் ஆலத்தூர் வட்டாரத்துப் பாடாலூர்க்காரன் என்ற முறையில் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

1917இல் வெளியான ‘துக்கமும் மெலன்கோலியாவும்’ கட்டுரையில் ஃபிராய்ட் துக்கத்தை ஒரு வேலை என்றார். இழந்தவரோடு பிணைந்த ஒவ்வொரு நினைவாக எடுத்து, மனம் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்ளும் வேலை. ஆனால் அவர் காட்டும் வேலையாள் ஒற்றை மனிதன். வேலை நடக்கும் இடம் அவன் மனம். எங்கள் பக்கத்தில் இந்த வேலை பந்தலுக்கடியில் பலர் கூடிச் செய்வது. எழவு விழுந்த வீட்டில் உலை வைப்பதில்லை, பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். வந்தவரை ‘வாங்க’ என்று கூப்பிடுவதில்லை. கிளம்புகிறவரும் ‘போயிட்டு வர்றேன்’னு சொல்வதில்லை. உபசரிக்கிற கடமையிலிருந்து, துக்கப்படுகிறவரை ஊரே விடுவித்து வைக்கிறது.

இந்த உழைப்பின் மையத்தில் இருப்பது ஒப்பாரி. தோள்மேல் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அழும் பெண்களில் பாதிப்பேர் செத்தவருக்காக அழுவதில்லை. ஒருத்தி எப்போதோ பறிகொடுத்த பிள்ளைக்கு அழுவாள், இன்னொருத்தி பிறந்த வீடு கைவிட்டதைச் சொல்லி அழுவாள். தமிழக ஒப்பாரிகளை ஆராய்ந்து இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, செத்தவர்களுக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான். இதைப் போலித்தனம் என்று படிப்பது தவறான வாசிப்பு. ‘எனக்கு மட்டும் இப்படி ஆயிடுச்சே’ என்று நொறுங்கிக் கிடப்பவளின் இழப்பை மற்ற இழப்புகளோடு வரிசையில் வைக்கிறது அந்த வட்டம். ஆறுதல் சொல்லாமலேயே ஆறுதல் நடக்கிறது.

ஆனால் இதைப் பொற்காலமாக்கிவிட முடியாது. எழவு சொல்லப் போனவர்கள், பறையடித்தவர்கள், குழி வெட்டியவர்கள் யார்? ஊரின் துக்கத்துக்குத் தலித்துகள் சாதிக் கட்டாயத்தின் பேரில் உழைத்தார்கள். சேரியில் சாவு விழுந்தால் ஊர்ப் பெண்கள் போய்க் கட்டியழுத வழக்கம் இல்லை. 1980களிலும் 90களிலும் தலித் இயக்கங்கள் ‘எழவுக்குப் பறையடிக்க மாட்டோம்’ என்று மறுத்தபோது, சாவுக்குக்கூட வராத கல்மனசு என்று ஊர் பேசியது. உண்மையில் அந்த மறுப்பு கேட்டது ஒரே கேள்விதான்: எங்க துக்கத்துக்கு நீங்க எப்ப வந்தீங்க?

இரண்டாவது முறிவு வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. புருஷனைப் பறிகொடுத்தவளைக் கட்டிக்கொண்டு அழுத அதே கைகள்தாம் கருமாதியை ஒட்டி அவள் வளையலை உடைக்கின்றன, பொட்டை அழிக்கின்றன, தாலியை அறுக்கின்றன. அதற்குப் பிறகு அவள் எதிரே வந்தாலே சகுனம் சரியில்லை. பதினாறு நாள் தாங்கிய சமூகம் பதினேழாம் நாள் விலக்கிவைக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு விதவை மறுமணத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. மேடையில் வென்ற அந்தக் கருத்து, வளையல் உடைக்கப்படும் அந்த விடியற்காலைக்குள் பல வீடுகளில் இன்னும் நுழையவில்லை. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம் இந்தச் சடங்குகளையே ஒழிப்பதாகத் தீர்மானம் போட்டது. ஊர் கூடிச் செய்ததை ஊர் கூடியே நிறுத்தலாம் என்பதற்கு அது சான்று.

நெடுஞ்சாலையோரத்து ஊர் எங்களுடையது. விபத்துச் சாவுகளுக்குக் குறைவில்லை. இப்போது ஐஸ் பெட்டி வந்துவிட்டது, கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வந்துவிட்டது, ஒப்பாரிக்குக் கூலி பேசி மைக் செட்டோடு ஆளும் வருகிறது. வட்டம் சிறுத்துக்கொண்டே போகிறது. சடங்கை எதிர்க்கிற நாம் அந்த இடத்தில் எதை வைத்தோம்? தோழர் இறந்தால் வீரவணக்கச் சுவரொட்டி, படத்திறப்பு, இரங்கல் கூட்டம், சிறப்பிதழ். எல்லாமே செத்தவருக்கு. அவர் வீட்டில் மிஞ்சியவளுக்குச் சோறு கொண்டுபோகிற வேலையை நம் இயக்கங்கள் வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை. போகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் பெயர் எந்தச் சிறப்பிதழிலும் வருவதில்லை.

ஒப்பாரி வட்டத்திலிருந்து சாதியையும் வளையல் உடைப்பையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது பக்கத்தில் உட்காருவது. பதினேழாம் நாளும், அதற்கடுத்த மாதமும். அதைச் சடங்கிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.