தென்காசி டு விம்பிள்டன்: வேண்டாம்னு சொன்ன ஒரு ஆஃபர்

எங்க பக்கம் விளையாட்டுன்னா ஹாக்கிதான் மக்கா. கோவில்பட்டியில பால் குடி மறந்த பயலுக கையில எல்லாம் ஹாக்கி மட்டை இருக்கும். டென்னிஸ் எல்லாம் டிவியில பாக்குறதோட சரி. அதுக்கு எங்க மண்ணும் ஒரு காரணம்னு நான் சொல்லுவேன். கரிசல் கோடையில பாளம் பாளமா வெடிக்கும், மழை பெஞ்சா செருப்போட ஒட்டிக்கிட்டு கூடவே வரும். இதுல எங்க கோர்ட் போட்டு, கோடு கிழிச்சு, வலை கட்டுறது :-)

ஆனா கழுகுமலையில பஸ் ஏறி, சங்கரன்கோவில் தாண்டிப் போனா தென்காசி. அந்த ஊர்க் குடும்பத்துப் பையன் ஒருத்தர் விம்பிள்டன் அரையிறுதியில ரெண்டு தடவை ஆடியிருக்கார். ராமநாதன் கிருஷ்ணன். லியாண்டர் பயஸ், சானியா மிர்சா பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. இவரோட ஆரம்ப வருஷங்களைப் பத்தி நம்ம ஆளுங்க யாரும் விரிவா எழுதி நான் பாக்கலை. அதான் இந்தப் பதிவு.

கிருஷ்ணன் பிறந்தது 1937 ஏப்ரல் 11, நாகர்கோவில்ல. அப்பா டி.கே.ராமநாதனும் டென்னிஸ் ஆட்டக்காரர். அவர்தான் குரு. 1951-ல சென்னை லயோலா கல்லூரியில பெர்ட்ரம் போட்டி. அது கல்லூரி மாணவர்களுக்கான போட்டி. பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த இந்தப் பையன், கல்லூரி முதல்வர்கிட்ட சிறப்பு அனுமதி வாங்கிக் கலந்துக்கிட்டு, பட்டத்தையும் தட்டிட்டுப் போயிட்டார். அண்ணன்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க!

1953-ல விம்பிள்டன் ஜூனியர் இறுதிப்போட்டி. இங்கிலாந்தோட பில்லி நைட்கிட்ட தோல்வி. அடுத்த வருஷமே திரும்பப் போனார். இந்தத் தடவை எதிர்ல ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். 6-2, 7-5. விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்ச முதல் ஆசியர், வயசு 17. அன்னிக்குத் தோத்த கூப்பர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1958-ல ஆஸ்திரேலிய, விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் மூணையும் ஒரே வருஷத்துல வாங்கினவர்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு, அந்தக் காலத்து டென்னிஸ் எப்படி ஓடுச்சுன்னு பாத்துடுவோம். இல்லேன்னா அடுத்து வர்றது புரியாது.

அப்போ ஆட்டக்காரர்கள் ரெண்டு சாதி. ஒண்ணு அமெச்சூர். விம்பிள்டன், டேவிஸ் கோப்பை எல்லாம் இவங்களுக்குத்தான். பரிசுப் பணம் கிடையாது, செலவுக்காசு மட்டும். (கணக்குல வராத காசும் அங்கங்க கை மாறும்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.) இன்னொண்ணு புரொஃபஷனல். காசு வாங்கிட்டு ஆடலாம். ஆனா காசு வாங்கின அன்னையோட விம்பிள்டன் கதவு சாத்தியாச்சு, டேவிஸ் கோப்பையும் போச்சு. திரும்பி வர வழியே இல்லை. இந்தச் சுவர் இடிஞ்சது 1968-லதான்.

புரொஃபஷனல் கூடாரத்தை நடத்தினவர் ஜாக் கிரேமர். பழைய விம்பிள்டன் சாம்பியன். அமெச்சூர்ல யார் தலையெடுத்தாலும் காண்ட்ராக்டோட போய் நிப்பார். அப்பிடித்தான் கென் ரோஸ்வால் போனார், லூ ஹோட் போனார். 1959-ல நம்ம கூப்பரும் போனார். இன்னிக்கு ஒரு ஊர், நாளைக்கு வேற ஊர்னு ஊர் ஊராப் போய், சுருட்டி எடுத்துட்டு வந்த கேன்வாஸ் விரிப்பு மேலயெல்லாம் ஆடணும். நம்ம ஊர்த் திருவிழா நாடகக் கம்பெனி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

அதே 1959-ல லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில, நீல் ஃப்ரேசரை இறுதியில அடிச்சுப் பட்டம் வாங்கினார் கிருஷ்ணன். டேவிஸ் கோப்பையில ஆஸ்திரேலியாவோட ஆடும்போது, அந்த வருஷ விம்பிள்டன் இறுதி வரைக்கும் போயிருந்த ராட் லேவரை நாலு செட்ல தோற்கடிச்சார். அப்போ கம்ப்யூட்டர் ரேங்கிங் கிடையாது, அது 1973-ல வந்தது. நிருபர்கள் போடுற பட்டியல்தான். அப்படி ஒரு பட்டியல்ல உலகத்துலயே மூணாவது இடம்.

கிரேமர் வந்துட்டார். மூணு வருஷத்துக்கு 1,50,000 டாலர் உத்தரவாதம்.

அன்னிக்கு ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா, கால்குலேட்டரைத் தட்டினேன். ஏழு லட்சத்துக்கு மேல வருது. 1959-ல ஏழு லட்சம்! 22 வயசுப் பையனுக்கு!

வேண்டாம்னுட்டார்.

இதைப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது "என்ன மனுஷன்யா இவர்"ங்கிறதுதான். ஐயாயிரம் கூடக் கிடைக்கும்னு கம்பெனி மாறுற கூட்டம் நாம. ஆனா அடுத்து நடந்ததை வரிசையா வெச்சுப் பாத்தா வேற கணக்கு தெரியுது.

1960 விம்பிள்டன் அரையிறுதி. ஃப்ரேசர்கிட்ட தோல்வி, அந்த வருஷ சாம்பியன் அவர்தான். 1961 காலிறுதியில ராய் எமர்சனை நேர் செட்ல தூக்கினார். அரையிறுதியில லேவர்கிட்ட தோல்வி, அந்த வருஷ சாம்பியன் லேவர். 1962-ல நாலாம் தரநிலை கொடுத்தாங்க. கணுக்கால் காயம், பாதியில விலக வேண்டியதாப் போச்சு. 1966-ல கல்கத்தாவுல பிரேசிலோட டேவிஸ் கோப்பை. ரெண்டுக்கு ரெண்டுன்னு சமமா நிக்கும்போது கடைசி ஆட்டம். தாமஸ் காக்கிட்ட ஒண்ணுக்கு ரெண்டு செட் பின்தங்கி, நாலாவது செட்லயும் 2-5. அங்கிருந்து மீண்டு வந்து ஜெயிச்சுக் கொடுத்தார். இந்தியா முதல் தடவையா இறுதிப்போட்டிக்குப் போச்சு. கையெழுத்துப் போட்டிருந்தா இதுல ஒண்ணுகூட நடந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லணும். ரோஸ்வால், ஹோட், கான்ஸாலெஸ் மாதிரி ஆளுங்க அந்த விம்பிள்டன்ல இல்லை. அவங்க இருந்திருந்தா ரெண்டு அரையிறுதி வந்திருக்குமான்னு கேட்டா நியாயமான கேள்விதான். தினமும் அவங்களோட மோதியிருந்தா இவர் ஆட்டம் இன்னும் மேல போயிருக்கலாம். இவரோட சர்வீஸ்ல வேகம் கிடையாது. பலமெல்லாம் பந்தை நினைச்ச இடத்துல வைக்கிற கைப்பக்குவம்தான். அது அந்த முரட்டுக் கூட்டத்துல எடுபட்டிருக்குமா? தெரிஞ்சுக்க வழியே இல்லாம போச்சு.

ஆனா ரோஸ்வாலைப் பாருங்க. காசு வாங்கினார், பதினோரு விம்பிள்டன் போச்சு. 1954, 1956, 1970, 1974-னு நாலு தடவை இறுதிக்கு வந்தும் கடைசி வரைக்கும் அந்தப் பட்டம் கிடைக்கலை. ரெண்டு பக்கமும் விலை இருந்திருக்கு. தப்பு ஆட்டக்காரங்க மேல இல்லை, 22 வயசுப் பையனை சோறா நாடான்னு தேர்ந்தெடுக்கச் சொன்ன விதி மேலதான்.

"அரையிறுதியோட நின்னுட்டார்"னு சிலர் இழுப்பாங்க. எங்க ஊர் வெட்டுவான் கோயிலும் முழுசா முடிக்காம விட்டதுதான் அண்ணாச்சி. அதைப் பாக்கத்தான் எங்கெங்கிருந்தோ ஆள் வருது.

1979-ல அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வாங்கினார். ஆனா ஒற்றையர் அரையிறுதியை இன்னிக்கு வரைக்கும் வேற எந்த இந்திய ஆணும் தொடலை.

டிஸ்கி: நீங்களா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா? மனசாட்சியோட பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. நான் போட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன் :-)